விலை எல்லோருக்கும் தெரிந்த பிறகு விநியோகஸ்தருக்கு என்ன வேலை?

மதிப்பிற்குரிய வாசகருக்கு,

வணக்கம். உங்கள் கடிதம் நீளமானது என்றாலும் அதில் வீணான வரி ஒன்றும் இல்லை. மற்ற வாசகர்களுக்காக அதன் சாரத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். தந்தையார் தொடங்கிய பேரிங் (சுழலும் தண்டைத் தாங்கும் வளையம்), ஆயில் சீல் (எண்ணெய்க் கசிவைத் தடுக்கும் வளையம்), பெல்ட் ஆகிய இயந்திர உதிரிப்பாகங்களின் மொத்த விநியோகத்தை நீங்கள் நடத்தி வருகிறீர்கள். தொழிற்சாலைகளின் பராமரிப்புப் பிரிவுகளும், மோட்டார், பம்பு பழுதுபார்க்கும் பட்டறைகளும் உங்கள் வாடிக்கையாளர்கள். முப்பது பேருக்குச் சற்றுக் கூடுதலானோர் உங்களிடம் வேலை செய்கிறார்கள். இப்போது வாடிக்கையாளர் கைபேசியை நீட்டி, இணையச் சந்தையில் இன்ன விலை போட்டிருக்கிறதே என்று பேரம் பேசுகிறார். அதே இணையச் சந்தை உங்களையும் விற்பனையாளராகச் சேர அழைக்கிறது. மேலாண்மை படித்துவிட்டு வந்திருக்கும் உங்கள் மகள், வாங்குவோரையும் விற்போரையும் இணைக்கும் ஒரு தளமாக நாமே மாற வேண்டும் என்கிறார். லாபத்தை மட்டும் எண்ணும் பழைய பொருளாதாரத்தின் காலம் முடிந்துவிட்டது என்றும் சொல்கிறார். போதாததற்கு ஒரு மென்பொருள் நிறுவனம், வாடிக்கையாளரின் கேள்விகளுக்குச் செயற்கை நுண்ணறிவே பதில் சொல்லிவிடும் என்று கூறி உரையாடல் செயலி ஒன்றை விற்க வந்திருக்கிறது. உங்களைப் போன்ற இடைநிலை வணிகர் இனி நிலைக்க முடியுமா, அந்தச் சந்தையில் சேரலாமா, கவுண்டரில் நெடுங்காலம் நின்ற மூத்த ஊழியர்களை என்ன செய்வது, மகள் சொல்லும் புதிய பொருளாதாரம் நடைமுறைக்கு ஆகுமா, செயலியை வாங்கலாமா என்பவை உங்கள் கேள்விகள்.

தொழில்நுட்பத்தைச் சற்று ஒதுக்கி வைத்துவிட்டு, உங்கள் நிறுவனம் எதற்காக இருக்கிறது என்பதைப் பார்ப்போம். ரொனால்டு கோஸ் என்ற பொருளாதார அறிஞர் 1937இல் எழுதிய கட்டுரையில், எல்லாவற்றையும் விலையே ஒழுங்குபடுத்திவிடும் என்றால் நிறுவனங்கள் ஏன் தோன்றுகின்றன என்று கேட்டார். சந்தையைப் பயன்படுத்துவதற்கே ஒரு செலவு உண்டு என்பது அவர் கண்ட விடை. விலையை விசாரிக்க வேண்டும், தக்க ஆளைத் தேட வேண்டும், பேரம் பேசி ஒப்பந்தம் செய்ய வேண்டும், அது மீறப்படாமல் கண்காணிக்கவும் வேண்டும். அந்தச் செலவைத் தனக்குள் வைத்துக் குறைவாகச் செய்யக்கூடிய இடத்தில் நிறுவனம் பிறக்கிறது; வெளியில் இன்னும் மலிவாக முடியும் என்ற நிலை வந்தால் அந்த நிறுவனம் சுருங்குகிறது. கணினியும் இணையமும் கைபேசியும் வணிகத்தில் செய்திருக்கும் மாற்றங்களில் பெரும்பகுதி, இந்தச் செலவுகள் ஒவ்வொன்றையும் வெவ்வேறு அளவில் குறைத்ததன் விளைவுதான். அந்த 'வெவ்வேறு அளவில்' என்பதைத்தான் உங்கள் துறையில் பலரும் கவனிப்பதில்லை.

உங்கள் லாப விகிதத்தை ஒரே தொகையாகப் பார்த்துப் பழகிவிட்டீர்கள். அது உண்மையில் பல கூலிகளின் கூட்டுத்தொகை. எந்தப் பொருள் யாரிடம் என்ன விலைக்குக் கிடைக்கும் என்று அறிந்து சொல்வதற்கு ஒரு கூலி; மெதுவாக விற்கும் அளவுகளையும் வாங்கிக் கிடங்கில் வைத்திருப்பதற்கு ஒன்று; பட்டறைக்காரருக்கு மாதக்கணக்கில் கடன் கொடுத்துப் பாக்கியை வசூலிப்பதற்கு ஒன்று; இந்த இயந்திரத்துக்கு இதுதான் பொருந்தும் என்று தேர்ந்து கொடுப்பதற்கு ஒன்று; பெட்டிக்குள் இருப்பது போலி அல்ல என்று உறுதி நிற்பதற்கு ஒன்று. இவற்றில் முதலாவது கூலி ஏறக்குறையப் போய்விட்டது. அது திரும்பி வரப் போவதில்லை. இரண்டாவது, பெரிய கிடங்குகளின் போட்டியில் தேய்ந்துகொண்டிருக்கிறது. ஆனால் இயந்திரம் நின்று உற்பத்தி முடங்கிய நிலையில் இரண்டு மணி நேரத்தில் பொருள் வேண்டும் என்பவருக்கு அதன் மதிப்பு குறையவில்லை. மற்ற மூன்றும் இன்னும் உங்களிடம் இருக்கின்றன. ஆனால் அவற்றை நீங்கள் தனியாக விலையிட்டு விற்றதே இல்லை. பொருளின் விலைக்குள் புதைத்து இலவசம் போலக் கொடுத்து வந்திருக்கிறீர்கள். விலை வெளிப்படையான உடனே அவையும் சேர்ந்து வெட்டுப்படுவது அதனால்தான்.

இதைச் சோதித்துப் பார்க்க ஆலோசகர் தேவையில்லை. கடந்த மூன்று மாதப் பில்களில் நூற்றைத் தேர்ந்தெடுக்காமல் உருவி எடுங்கள். ஒவ்வொரு பில்லுக்கும், இவர் நம்மிடம் எதற்காக வந்தார் என்று கவுண்டர் ஊழியரையும் வைத்துக்கொண்டு எழுதுங்கள்: விலைக்காகவா, அவசரத்துக்காகவா, கடனுக்காகவா, ஆலோசனைக்காகவா, அசல் பொருள் என்ற நம்பிக்கைக்காகவா? விலைக்காக மட்டும் வந்தவர்களின் பங்கு பாதியைத் தாண்டினால் உங்கள் கவலை நியாயமானது. அதற்குக் கீழே இருந்தால், நீங்கள் எதை விற்கிறீர்கள் என்பதை நீங்களே இன்னும் சரியாக அறியவில்லை என்று பொருள்.

ஓர் எடுத்துக்காட்டை நெருங்கிப் பார்ப்போம். பட்டறையிலிருந்து ஒருவர் அழைத்து 6205 பேரிங் ஒன்று வேண்டும் என்கிறார். கடைசி இரண்டு இலக்கங்களை ஐந்தால் பெருக்கினால் உள்விட்டம் 25 மில்லிமீட்டர் என்று வந்துவிடும். வெளிவிட்டம் 52, அகலம் 15. இந்த அளவு உலகம் முழுவதற்கும் பொது என்பதால் எந்த இணையச் சந்தையிலும் நொடியில் தேடி எடுக்கலாம். ஆனால் அந்த எண்ணுக்குப் பின்னால் இருபுறமும் ரப்பர் சீல் உள்ள 2ஆர்எஸ் வேண்டுமா, உலோக மூடி போட்ட இசட்இசட் வேண்டுமா, உள்ளே கூடுதல் இடைவெளி விட்ட சி3 வேண்டுமா என்ற கேள்விகள் இருக்கின்றன. மோட்டார் சூடேறும்போது பேரிங்கின் உள்வளையம் வெளிவளையத்தைவிட அதிகம் விரிந்து, உள்ளிருக்கும் இடைவெளி குறுகிவிடும். மோட்டார்களுக்குப் பல நேரம் சி3 கேட்கப்படுவது அதற்காக. உங்கள் மூத்த ஊழியர் இதோடும் நிறுத்த மாட்டார். பழைய பேரிங் எத்தனை நாள் ஓடியது, தூசியா தண்ணீரா, ஷாஃப்டில், அதாவது சுழலும் தண்டில், தேய்மானம் உண்டா, பெல்ட்டை அளவுக்கு மீறி இறுக்கியிருக்கிறீர்களா என்று கேட்பார். சில வாரத்தில் போயிருந்தால், புதிதை விற்பதற்கு முன் பெல்ட்டைப் பாருங்கள் என்பார். அந்த உரையாடலில் அன்று ஒரு பேரிங் விற்காமலே போகலாம். வாடிக்கையாளர் பத்தாண்டுகளாக உங்களிடமே வருவதற்குக் காரணம் அந்த உரையாடல்தான். உங்கள் கணக்குப் புத்தகத்தில் அதற்கு ஒரு வரியும் இல்லை.

கணினி வாங்கிப் பல ஆண்டுகளாகியும் பலன் தெரியவில்லை என்று எழுதியிருந்தீர்கள். அந்த மனக்குறை உங்களுக்கு மட்டும் உரியதல்ல. கணினி யுகம் எங்கும் கண்ணில் படுகிறது, உற்பத்தித்திறன் புள்ளிவிவரத்தில் மட்டும் படவில்லை என்று பொருளாதார அறிஞர் ராபர்ட் சோலோ 1987இல் எழுதினார். 1990இல் பால் டேவிட் என்ற பொருளாதார வரலாற்றாசிரியர் அதற்கு ஒரு விளக்கம் தந்தார். பெல்ட் விற்கும் உங்களுக்கு அது மிக எளிதாகப் புரியும். எடிசனின் மின்நிலையம் நியூயார்க்கில் 1882இல் இயங்கத் தொடங்கியது. ஆனால் 1899இல்கூட அமெரிக்கத் தொழிற்சாலைகளின் இயந்திர ஆற்றலில் மின்மோட்டார்களின் பங்கு 5 சதவீதத்துக்கும் கீழே இருந்தது. பாதியை எட்ட மேலும் இருபது ஆண்டுகள் ஆயின. காரணம், முதலில் நீராவி எஞ்சினை எடுத்துவிட்டு அதே இடத்தில் ஒரு பெரிய மோட்டாரை வைத்தார்கள். கூரையோரம் ஓடிய நீண்ட ஷாஃப்டும், அதிலிருந்து ஒவ்வோர் இயந்திரத்துக்கும் இறங்கிய பெல்ட்டுகளும் அப்படியே இருந்தன. ஒவ்வோர் இயந்திரத்துக்கும் தனி மோட்டார் என்று வந்த பிறகுதான், இயந்திரங்களை ஷாஃப்டின் வரிசைப்படி வைக்காமல் வேலை நகரும் வரிசைப்படி வைக்கலாம் என்பது புலப்பட்டது, கட்டடமே மாறியது. 1920களில் உற்பத்தித்திறன் பாய்ந்து உயர்ந்தது அதற்குப் பின்னர்தான்.

உங்கள் கடிதத்தின்படி, கவுண்டரில் கையால் ரசீது எழுதி, மாலையில் கணக்கர் அதைக் கணினியில் ஏற்றுகிறார். கிடங்கில் தனியாக ஒரு நோட்டு இருக்கிறது. பழைய ஷாஃப்ட் அப்படியே கூரையில் ஓடிக்கொண்டிருக்கிறது. சரக்கு நகரும் அந்த நொடியிலேயே இருப்பு மாற வேண்டும். கிடங்கு நோட்டு ஒழிய வேண்டும். எந்த வாடிக்கையாளரின் எந்த இயந்திரத்துக்கு எந்தப் பொருள் போனது என்பது பில்லிலேயே பதிய வேண்டும். இந்தக் கடைசிப் பதிவு மிக முக்கியம். வாடிக்கையாளர் பெயரும் தொகையும் எல்லோரிடமும் இருக்கும். மூன்றாம் எண் பம்பில் இந்த சீல் எட்டு மாதத்துக்கு ஒருமுறை மாறுகிறது என்ற விவரம் வேறு யாரிடமும் இருக்காது. புதிய செலவு எதையும் செய்வதற்கு முன் இந்த வேலையை முடியுங்கள்.

இனி இணையச் சந்தை. இது உங்கள் தந்தையார் காலத்து வாடிக்கையாளர், சப்ளையர் உறவுகளில் எதைப் போன்றதும் அல்ல. அதனால் பழைய அனுபவம் இதில் ஓரளவுக்கு மேல் உதவாது. வாங்குவோர், விற்போர் என்ற இரு தரப்பையும் ஒரே இடத்தில் சேர்த்து, ஒரு தரப்புக்குச் சலுகை கொடுத்து மறுதரப்பிடம் வசூலிப்பது இதன் இயல்பு. ஷான் ஷார்ல் ரோஷே, ஷான் திரோல் ஆகிய இருவரும் 2003இல் வெளியிட்ட ஆய்வு இந்த இருபக்கச் சந்தைகளின் விலையமைப்பைத் தெளிவாக்கியது. வாங்குவோர் பெருகப் பெருக விற்போர் வருகிறார்கள், விற்போர் பெருகப் பெருக வாங்குவோர் வருகிறார்கள். ஓர் அளவுக்கு மேல் வெளியே நிற்பதே இரு தரப்புக்கும் நஷ்டம் என்ற நிலை உருவாகிறது. சேரும்போது கமிஷன் குறைவாக இருப்பதும், பிறகு கமிஷன், விளம்பரக் கட்டணம், கிடங்குக் கட்டணம் என்று ஏறுவதும் அந்த நிறுவனத்தாரின் கெட்ட எண்ணத்தால் அல்ல. அந்த அமைப்பின் கணக்கே அப்படித்தான் வேலை செய்கிறது. ஆகவே நல்லவர்களா என்று விசாரிப்பதில் பயனில்லை. வெளியேற நேர்ந்தால் உங்கள் கையில் என்ன மிஞ்சும் என்று பாருங்கள்.

இன்னொரு ஆபத்தும் உண்டு. சந்தையை நடத்துபவரே அதில் கடையும் வைத்திருந்தால், எந்தப் பொருள் வேகமாகப் போகிறது, எந்த விலையில் வாடிக்கையாளர் நின்றுவிடுகிறார் என்பவை உங்களுக்கு முன்பே அவருக்குத் தெரிந்துவிடும். இது கற்பனைப் பயமல்ல. விற்பனையாளர்களின் வெளியிடப்படாத தரவைத் தன் சொந்த விற்பனைக்குப் பயன்படுத்துவது தொடர்பான விசாரணையில், அப்படிச் செய்வதில்லை என்று அமேசான் அளித்த உறுதிமொழிகளை ஐரோப்பிய ஆணையம் 2022 டிசம்பரில் சட்டப்படி கட்டுப்படுத்துவனவாக ஏற்றது. தேடல் முடிவுகளில் தன் பொருள் விலை ஒப்பீட்டுச் சேவையை முன்னே வைத்ததற்காக கூகுளுக்கு 2017இல் விதிக்கப்பட்ட 242 கோடி யூரோ அபராதத்தை, ஐரோப்பிய நீதிமன்றம் 2024 செப்டம்பரில் உறுதிசெய்தது. அந்த வழக்கு முடிய ஏழு ஆண்டுகள் ஆனதைக் கவனியுங்கள். அதற்குள் ஒரு நடுத்தர வணிகர் எத்தனை முறை மூழ்கி எழுந்திருக்க வேண்டும்!

வழக்கை நம்பாமல் ஒப்பந்தத்தை நம்புவது நல்லது. 2020 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள ஐரோப்பிய ஒன்றியத்தின் தளம்–வணிகர் விதிமுறை இதற்கு ஒரு நல்ல அளவுகோல். விதிமுறைகளை மாற்றினால் குறைந்தது 15 நாள் முன்னறிவிப்பு, விற்பனையாளரை முற்றாக நீக்குவதானால் 30 நாளுக்கு முன்பே காரணத்தோடு எழுத்தில் தெரிவித்தல், பொருள்களை வரிசைப்படுத்தும் முக்கியக் காரணிகளை வெளிப்படுத்தல், விற்பனையாளருக்கு எந்தத் தரவு கிடைக்கும் என்று தெளிவாகச் சொல்லுதல் ஆகியவற்றை அது கட்டாயமாக்குகிறது. நீங்கள் எந்த நாட்டில் இருந்தாலும் இந்த நான்கையும் கேளுங்கள். தர மறுத்தால் அதுவும் ஒரு தகவல்தான்.

என் முடிவைக் கேட்டால், சேருங்கள், ஆனால் எல்லாவற்றையும் கொண்டுபோகாதீர்கள். 6205 போன்ற பொது அளவுகளில், அதிகம் புழங்கும் இருநூறு முந்நூறு வகைகளை மட்டும் அங்கே வையுங்கள். ஆலோசனை தேவைப்படும் பொருள்கள், அரிதான அளவுகள், கடன் வாடிக்கையாளர்கள் ஆகிய மூன்றும் உங்கள் நேரடி வழியிலேயே இருக்கட்டும். மொத்த விற்பனையில் கால்பங்கை அந்தச் சந்தை தாண்டும் நாளில் நிறுத்தி யோசியுங்கள். அந்த எல்லையை இப்போதே எழுதிச் சுவரில் ஒட்டிவிடுங்கள், ஏனென்றால் ஆர்டர் குவியும்போது அது நினைவுக்கு வராது. போலிப் பொருள் விஷயத்திலும் எச்சரிக்கை தேவை. தரத்தை வாங்குபவரால் பிரித்தறிய முடியாத சந்தையில் மட்டமான சரக்கு நல்ல சரக்கை விரட்டிவிடும் என்பதைப் பொருளாதார அறிஞர் ஜார்ஜ் அகர்லாஃப் 1970இலேயே விளக்கினார். போலி பேரிங்குகள் உங்கள் துறையின் தீராத தலைவலி. அங்கீகரிக்கப்பட்ட விநியோகஸ்தர் என்ற சான்றிதழ், உற்பத்தியாளரின் தொகுதி எண், திருப்பி எடுத்துக்கொள்ளும் உறுதி ஆகியவற்றை விலைக்குப் பக்கத்திலேயே காட்டுங்கள்.

நாமே தளமாக வேண்டும் என்ற உங்கள் மகளின் யோசனையை நான் ஏற்கவில்லை. ஆனால் அதன் பின்னால் இருக்கும் உணர்வு சரியானது. இரு பக்கமும் கூட்டம் சேரும்வரை ஆண்டுக்கணக்கில் நஷ்டத்தைத் தாங்கும் முதலீடு உங்களிடம் இல்லை. உங்களைப் போன்ற விநியோகஸ்தர்கள் பத்துப் பன்னிரண்டு பேர் சேர்ந்து, யாரிடம் எந்த அளவு இருப்பில் உள்ளது என்பதை மட்டும் ஒருவருக்கொருவர் காட்டிக்கொண்டால் என்ன? மெதுவாக விற்கும் ஒரே அளவைப் பன்னிரண்டு கிடங்குகளிலும் தூங்கவிட வேண்டியதில்லை. அவசரம் என்று வரும் வாடிக்கையாளரைத் திருப்பி அனுப்பவும் வேண்டியதில்லை.

பொதுவில் வைத்தால் ஒருவர் மற்றவரைச் சுரண்டிவிடுவார் என்று நீங்கள் நினைக்கலாம். எலினோர் ஆஸ்ட்ரம் 2009இல் பொருளாதார நோபல் பரிசு பெற்றது, அப்படி நடந்தே தீரும் என்பதில்லை என்று காட்டியதற்காகத்தான். மேய்ச்சல் நிலம், பாசனக் கால்வாய், மீன்பிடிப் பகுதி என்று பல நாடுகளில் நெடுங்காலம் நிலைத்த பொதுச் சொத்துகளை ஆராய்ந்து, அவை எந்த ஒழுங்கில் நடக்கின்றன என்று தொகுத்தார். யார் உறுப்பினர் என்ற எல்லை தெளிவாக இருக்க வேண்டும். விதிகளை, அவற்றுக்குக் கட்டுப்படுபவர்களே வகுக்க வேண்டும். கண்காணிப்பு இருக்க வேண்டும். மீறினால் தண்டனை சிறியதில் தொடங்கிப் படிப்படியாக ஏற வேண்டும். தகராறைத் தீர்க்கச் செலவில்லாத வழி அருகிலேயே இருக்க வேண்டும். இவை உங்கள் இருப்புப் பகிர்வுக்கு அப்படியே பொருந்தும். இல்லாத சரக்கை இருப்பதாகக் காட்டியவருக்கு முதல் முறை எச்சரிக்கை, இரண்டாம் முறை ஒரு மாத இடைநீக்கம், மூன்றாம் முறை வெளியேற்றம் என்று தொடக்கத்திலேயே எழுதிக்கொள்ளுங்கள். ஒன்றில் மட்டும் மிகவும் கவனமாக இருங்கள்: இருப்பைப் பகிரலாம், விற்பனை விலையைப் பகிரவே கூடாது. போட்டியாளர்கள் கூடி விலை பேசுவது பெரும்பாலான நாடுகளின் போட்டிச் சட்டத்துக்கு முரணானது. நல்ல நோக்கம் அதற்குக் காப்பாகாது. தொடங்குவதற்கு முன் வழக்கறிஞர் ஒருவரிடம் விதிகளைக் காட்டிவிடுங்கள்.

எல்லோரும் பயன்படுத்தும் தளம் தனி முதலாளி ஒருவருக்குச் சொந்தமாக இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை என்பதற்குப் பெரிய அளவிலும் சான்றுகள் உண்டு. இந்தியாவில் 2016இல் வந்த யுபிஐ, பிரேசிலின் மத்திய வங்கி 2020 நவம்பரில் தொடங்கிய பிக்ஸ் ஆகிய இரண்டிலும், எந்த வங்கியின் வாடிக்கையாளரும் வேறெந்த வங்கியின் வாடிக்கையாளருக்கும் நொடியில் பணம் அனுப்ப முடிகிறது. பாதை பொதுவானது, அதன் மேல் செயலிகள் போட்டியிடுகின்றன. கடந்த இருபது ஆண்டுப் பொருளாதாரச் சிந்தனையில் எனக்கு மிகவும் பயனுள்ளதாகப் படுவது இதுதான்: எதைப் பொதுவாக வைத்து எதில் போட்டியிடுவது என்று பிரித்துப் பார்ப்பது.

ஊழியர்களைப் பற்றிய கேள்வியை நீங்கள் தயங்கித் தயங்கி எழுதியிருந்தீர்கள். நேராகவே பேசுவோம். டேவிட் ஆட்டர், ஃபிராங்க் லெவி, ரிச்சர்ட் மர்னேன் மூவரும் 2003இல் ஒரு பயனுள்ள வேறுபாட்டைக் காட்டினார்கள்: கணினி எடுத்துக்கொள்வது ஒருவரின் வேலை முழுவதையும் அல்ல, அந்த வேலைக்குள் இருக்கும் விதிப்படியான பணிகளை. உங்கள் கணக்கரின் பதிவேற்றும் பணி போய்விடும். பாக்கிக்காரரிடம் பேசித் தவணை வாங்கும் பணி இருக்கும். இந்த நோக்கில், யாரை நீக்கலாம் என்ற பட்டியலுக்குப் பதிலாக ஒவ்வொருவரின் நாளையும் பணிகளாகப் பிரித்த பட்டியல் ஒன்றைத் தயாரியுங்கள்.

ஆனால் அண்மைய செயற்கை நுண்ணறிவு இந்தக் கணக்கில் ஒரு புதிய சிக்கலைச் சேர்த்திருக்கிறது. எரிக் பிரின்யோல்ஃப்சன், டேனியல் லி, லிண்ட்சி ரேமண்ட் ஆகியோர் ஒரு நிறுவனத்தின் வாடிக்கையாளர் சேவைப் பிரிவில் ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட ஊழியர்களிடம் நடத்திய ஆய்வு 2023இல் முதலில் வெளிவந்தது. பதில்களைப் பரிந்துரைக்கும் உதவிமென்பொருள் கிடைத்த பிறகு ஊழியர்கள் ஒரு மணி நேரத்தில் தீர்க்கும் புகார்களின் எண்ணிக்கை சராசரியாக 14 சதவீதம் உயர்ந்தது. புதியவர்களிடம் உயர்வு 34 சதவீதம். அனுபவசாலிகளிடம் மாற்றம் ஏறக்குறைய இல்லை. அந்த மென்பொருள் சிறந்த ஊழியர்களின் உரையாடல்களிலிருந்து கற்று, அவர்களின் திறமையைப் புதியவர்களுக்குக் கடத்தியது என்பதே ஆய்வாளர்கள் தரும் விளக்கம். கடத்தப்பட்ட அந்தத் திறமைக்குச் சொந்தக்காரருக்கு என்ன கிடைத்தது?

உங்கள் கவுண்டரிலும் இதுவே நடக்கப் போகிறது. பெல்ட்டைப் பாருங்கள் என்று சொல்லும் மூத்தவரின் அறிவு பதிவாகிவிட்டால், நேற்று வந்த இளைஞரும் அதே கேள்விகளைக் கேட்பார். நிறுவனத்துக்கு அது லாபம். மூத்தவருக்கோ தன் கையாலேயே தன் முக்கியத்துவத்தை ஒப்படைப்பது. இதை உணராத அளவுக்கு அவர் ஏமாளி அல்ல. பதிவு செய்யச் சொன்னால் அரைகுறையாகத்தான் சொல்வார். அதைப் பிடிவாதம் என்று நீங்கள் நினைத்துக்கொள்வீர்கள். ஆகவே விலை பேசி வாங்குங்கள். அவருடைய அறிவைப் பதிவு செய்யும் காலத்துக்குத் தனி ஊதியம், அந்தப் பதிவைச் சரிபார்த்துத் திருத்தும் பொறுப்பு நிலையான பதவியாக, ஓய்வு வயதுவரை வேலை உறுதி எழுத்தில் என்ற மூன்றையும் கொடுங்கள். இது தர்மம் அல்ல. இந்த அறிவு இல்லாமல் நீங்கள் வாங்கும் எந்த மென்பொருளும் வெறும் விலைப்பட்டியல்தான்.

பொருள் கொண்டுசேர்ப்பவர்களை ஊழியர் பட்டியலிலிருந்து நீக்கி, ஒரு டெலிவரிக்கு இவ்வளவு என்று ஒப்பந்தத்தில் வைத்துக்கொள்ளுமாறு யாரோ சொன்னதாக எழுதியிருந்தீர்கள். வேண்டாம். ஊபர் ஓட்டுநர்கள் சுயதொழில் செய்வோர் அல்லர், தொழிலாளர்களே என்று பிரிட்டனின் உச்ச நீதிமன்றம் 2021 பிப்ரவரியில் தீர்ப்பளித்தது. ஒப்பந்தத் தாளில் என்ன எழுதியிருக்கிறது என்பதைவிட, கட்டணத்தை யார் முடிவு செய்கிறார், வேலையை யார் கட்டுப்படுத்துகிறார் என்பதையே நீதிபதிகள் பார்த்தார்கள். தள வேலை பற்றி 2024இல் ஐரோப்பிய ஒன்றியம் நிறைவேற்றிய உத்தரவும் அதே திசையில் செல்கிறது. நாட்டுக்கு நாடு சட்டம் வேறுபடும். ஆனால் இன்றைய சிறு சேமிப்புக்காக நாளைய பெரிய பாக்கியை விலைக்கு வாங்குவது எந்த நாட்டிலும் நல்ல கணக்கல்ல.

புதிய பொருளாதாரத்தில் உங்கள் மகள் சொல்வதில் உண்மை இருக்கிறது, வெறும் கோஷமும் கலந்திருக்கிறது. விதிகளுக்கு உட்பட்டு லாபத்தைப் பெருக்குவதே நிறுவனத்தின் சமூகப் பொறுப்பு என்று பொருளாதார அறிஞர் மில்டன் ஃபிரீட்மன் 1970இல் எழுதியது நீண்ட காலம் கோலோச்சியது. 2019 ஆகஸ்டில் அமெரிக்காவின் 181 பெருநிறுவனத் தலைவர்கள், வாடிக்கையாளர், ஊழியர், சப்ளையர், சமூகம், பங்குதாரர் எல்லோருக்கும் தாங்கள் கடமைப்பட்டவர்கள் என்று அறிக்கை விட்டார்கள். அறிக்கை விடச் செலவில்லை. பொருளாதார அறிஞர் கேட் ராவர்த் முன்வைத்த வளைய வடிவச் சிந்தனை அதைவிட உருப்படியானது: உள் வட்டம், யாரும் கீழே விழக் கூடாத வாழ்க்கைத் தேவைகள், வெளி வட்டம், புவி தாங்கும் எல்லை, இரண்டுக்கும் இடையில் பொருளாதாரம் இயங்க வேண்டும். ஆம்ஸ்டர்டாம் நகரம் 2020இல் அதைத் தன் திட்டமிடலுக்கு ஏற்றது. ஆனால் முப்பது பேர் வேலை செய்யும் நிறுவனத்துக்கு ஒரு நகரத்தின் படம் எதற்கு? உங்களுக்கு வேண்டியது, நல்லது செய்தால் வருமானம் குறையாத ஒரு வணிக முறை.

அதற்கு ஒரு முன்மாதிரி உங்கள் துறைக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. பிரிட்டனின் பிரிஸ்டல் சிட்லி நிறுவனம் 1962இல், வைப்பர் விமான எஞ்சினின் பராமரிப்பையும் மாற்றீட்டையும் பறக்கும் மணிக்கு இவ்வளவு என்ற நிலையான கட்டணத்தில் வழங்கத் தொடங்கியது. பின்னர் அந்த நிறுவனத்தை வாங்கிய ரோல்ஸ் ராய்ஸ் அந்த முறையை விரிவாக்கியது. விளைவைக் கவனியுங்கள். உதிரிப்பாகம் விற்பவருக்கு ஒவ்வொரு பழுதும் வருமானம். ஓடும் மணிக்குக் கட்டணம் வாங்குபவருக்கு ஒவ்வொரு பழுதும் செலவு. பேரிங் நீண்ட நாள் உழைக்க வேண்டும் என்பதில் உங்களுக்கும் வாடிக்கையாளருக்கும் ஒரே அக்கறை பிறக்கிறது. எஃகும் எண்ணெயும் வீணாவது குறைகிறது. இதுவரை இலவசமாகக் கொடுத்த அந்த ஆலோசனை விற்பனைப் பொருளாகிறது. அதிர்வையும் வெப்பத்தையும் அளக்கும் உணரிகள் மலிவாகிவிட்டதால், முன்பு பெருநிறுவனங்களால் மட்டுமே முடிந்தது இப்போது உங்கள் எட்டும் தூரத்துக்கு வந்திருக்கிறது. எந்தப் பம்பில் எது எப்போது மாறியது என்ற பதிவை முதலில் சேர்க்கச் சொன்னது இதற்காகவும்தான். அது இல்லாமல் மணிக்கட்டணத்தைக் கணக்கிடவே முடியாது.

எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். பழுதின் சுமை உங்கள் தலைக்கு மாறுகிறது. வாடிக்கையாளர் இயந்திரத்தை முரட்டுத்தனமாக ஓட்டினால் நஷ்டம் உங்களுக்கு. உற்பத்தி நின்றதற்கான இழப்பீட்டை எந்த நிலையிலும் ஏற்காதீர்கள். உங்கள் பொறுப்பு பொருளை மாற்றிக் கொடுப்பதோடு முடிகிறது என்று எழுதிக்கொள்ளுங்கள். ஆண்டுக்கணக்கில் பழகிய, கணக்கில் நேர்மையான ஒரே ஒரு தொழிற்சாலையில், ஒரு டஜன் பம்புகளோடு ஓராண்டு நடத்திப் பாருங்கள். இதை உங்கள் மகளின் பொறுப்பில் விடுங்கள். லாபத்தை மட்டும் எண்ணாத பொருளாதாரத்தில் எதை எண்ண வேண்டும் என்பதை அவர் அங்கே அளந்து காட்டட்டும்.

கடைசியாக அந்த உரையாடல் செயலி. இப்போதைக்கு வாடிக்கையாளர் முன்னால் அதை நிறுத்த வேண்டாம். கனடாவில் ஒரு விமான நிறுவனத்தின் உரையாடல் செயலி கட்டணச் சலுகை பற்றித் தவறான தகவல் கொடுத்தது. அதற்குத் தான் பொறுப்பல்ல என்ற நிறுவனத்தின் வாதத்தை 2024 பிப்ரவரியில் தீர்ப்பாயம் தள்ளிவிட்டு, பயணிக்கு இழப்பீடு வழங்கச் சொன்னது. தவறான பேரிங்கைச் செயலி பரிந்துரைத்து மோட்டார் எரிந்தால் உங்கள் நிலையும் அதுவே. முதல் ஆறு மாதம் உங்கள் இளம் ஊழியர்கள் மட்டும் கவுண்டருக்குள்ளிருந்து அதைப் பயன்படுத்தட்டும்; அதன் பதில்களை மூத்தவர் வாரம் ஒருமுறை பார்த்துத் திருத்தட்டும். விற்க வந்த நிறுவனத்திடம் மூன்று உறுதிகளை எழுத்தில் கேளுங்கள்: உங்கள் கேள்வி பதில்கள் உங்களுக்கே சொந்தம் என்பது, அவற்றைக் கொண்டு உங்கள் போட்டியாளருக்கான செயலியைப் பயிற்றுவிக்க மாட்டோம் என்பது, நீங்கள் விலகினால் பதிவுகள் அனைத்தையும் படிக்கக்கூடிய வடிவில் திருப்பித் தருவோம் என்பது. இரண்டாவதற்குத் தயங்கினால் வேறு நிறுவனத்தைப் பாருங்கள். மூன்றையும் ஏற்றால், ஆண்டுச் சந்தாவாக வேண்டாம், மாதச் சந்தாவில் தொடங்குங்கள்.